முள் காட்டிய நூறு

செப்டம்பர் 1, 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும் வழியில், முருகன்குறிச்சி சிக்னலில், உலக சரித்திரத்தின் மாபெரும் அவமானம் நிகழ்ந்தது. எனக்குத்தான். பச்சை விழுந்ததும் என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் (இரண்டே கதவு, இரண்டே இருக்கை, ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார் எவனும் வாங்கத் துணியாதது) இருமிக்கொண்டு யோசித்தது. பக்கத்தில் நின்ற மச்சினன் ஜெபஸ்டினின் மின்சாரக் கார் சத்தமே இல்லாமல், கோழி திருடப் போகிறவன் மாதிரிப் போய்விட்டது. போவதற்கு முன் கண்ணாடியை இறக்கி, "அத்தான், தள்ளிவிடணுமா?" என்றான்.

வீட்டில் என் மனைவி கெசியா தீர்ப்புச் சொன்னாள். "வார இருபத்திரண்டாம் தேதி வள்ளியூர் கோயில் அசன விருந்துக்கு ரெண்டு காரும் ஒண்ணாப் புறப்படட்டும். எந்தம்பிய முந்திட்டீயன்னா வண்டி இருக்கட்டும். இல்லன்னா அவன் கூட்டிட்டு வார ஆளுக்கு வித்துருவோம். ஆனா ரெண்டு பேரும் நூறத் தாண்டக் கூடாது. நீங்க எங்கயாவது போய் முட்டிட்டு நான் ஆஸ்பத்திரில உக்காந்திருக்க முடியாது."

முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். மேல்முறையீடு கிடையாது.

ஆனால் — என் காரை விற்பதா? பென்ஷன் வாங்கிய பிறகு என் புத்திக்கு எதிராக நான் செய்த ஒரே காரியம் அது.

செப்டம்பர் 2

இரண்டு பேருக்கும் உச்சம் நூறுதான் என்றால், நூறை முதலில் தொடுகிறவன்தான் முன்னால் போவான். ஆகவே எனக்கு வேண்டியது வேகமல்ல, பாய்ச்சல். இந்த ஒரு வரிக்காகவே நோபல் கொடுக்க ஸ்வீடன்காரர்கள் விமானம் அனுப்பலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. நெல் விளைவிக்கிறவர்கள் நெல் படைத்தார்கள். வாழை விளைவிக்கிறவர்கள் தார். சரக்கு வேன் ஓட்டும் ஒரு விசுவாசி தன் தொழிலில் விளைந்ததைக் கொண்டு வந்து வைத்திருந்தார்: பழைய வேனிலிருந்து கழற்றிய டிஃபரன்ஷியல், பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி. பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில், எண்ணெய் வடிய.

என் காரும் அந்த வேனும் ஒரே கம்பெனியின் வயிற்றில் பிறந்தவை. உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் அப்படியே பொருந்தும். காணிக்கை ஏலத்தில் கையைத் தூக்கினேன். ஜெபஸ்டின், எதற்கென்றே தெரியாமல், எனக்கு வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத் தானும் தூக்கினான். கடைசியில் நான் வென்ற தொகையை எழுத மாட்டேன். கெசியா இந்த நோட்டை வாசிப்பாள். அந்தத் தொகைக்குச் சேவல்களோடு ஒரு பண்ணையே வந்திருக்கும்.

செப்டம்பர் 10

மேலப்பாளையத்தில் ஹசன் அலியின் பட்டறை. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் இரண்டு தடவை ஃபெயிலானவன். இன்று ஜில்லாவிலேயே இவன் கை படாத கியர்பாக்ஸ் இல்லை. இதில் என் பங்கு எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

பழைய செட்டில் சின்னச் சக்கரமான பினியனுக்குப் பதினொரு பல். அது சுழற்றும் பெரிய கிரவுனுக்கு நாற்பத்து மூன்று. கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு ஏறக்குறைய நாலு சுற்றுச் சுற்றினால் கார்ச் சக்கரம் ஒரு சுற்று. வேன் செட்டில் கிரவுனுக்கு அதே நாற்பத்து மூன்று, பினியனுக்கு எட்டே பல். சக்கரத்தின் ஒரு சுற்றுக்குத் தண்டு ஏறக்குறைய ஐந்தரை தடவை சுற்ற வேண்டும். மூட்டை சுமக்கிற வண்டியின் இழுவை, மூட்டையே இல்லாத என் காருக்கு! கெசியா அருகில் இல்லாததால் தைரியமாகச் சிரித்தேன்.

ஹசன் தலையைச் சொறிந்தான். "சார், இதை மாத்தினா மீட்டர் விசயமா ஒண்ணு —"

"ஏலே, நெம்புகோல் படம் வரையச் சொன்னா குடை வரைஞ்சவன் நீ. எனக்குப் பாடம் எடுக்கியோ?"

"சரி சார்," என்று காருக்கு அடியில் போய்விட்டான். அடக்கமான பையன். நாற்பத்தெட்டு வயது.

செப்டம்பர் 14

பாய்ந்தது! ஐயோ, என்ன பாய்ச்சல்! காலை மெல்ல வைத்தேன். கார் போய்விட்டது, நான் பின்னால் வந்து சேர்ந்தேன். சமாதானபுரத்தில் புறப்பட்டபோது என் மூக்குக்கண்ணாடி காதுவரை நகர்ந்தது. தாமிரபரணி ஒரு நிமிடம் பாபநாசம் பக்கம் திரும்பி ஓடியதாகக் கேள்வி.

செப்டம்பர் 15

கெசியா ஒரு சுற்று உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது முகம் சிவந்திருந்தது. பயமா?

செப்டம்பர் 22, ஞாயிறு

பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

பாளையங்கோட்டையில் ஒன்றாகப் புறப்பட்டோம். முதல் முந்நூறு மீட்டர் ஜெபஸ்டின் என் கண்ணாடியில் பொட்டு மாதிரி இருந்தான். நாலுவழிச் சாலையில் ஏறி, வாக்குக் கொடுத்தபடி முள்ளை நூறில் நிறுத்தினேன். ஒரு மயிரிழை கூடவில்லை. எஞ்சின் சத்தமும் நூறுக்குரிய சத்தமேதான்; எனக்குத் தெரியாதா?

அப்புறம் ஆரம்பித்தது அக்கிரமம். ஜெபஸ்டின் தாண்டிப் போனான். அவன் மகள் ஜெமிமா ஜன்னல் வழியாக எனக்கு டாட்டா காட்டினாள். "பாத்தியா உன் தம்பி லட்சணத்த! நூத்தி முப்பதுல போறான்!" என்றேன். கெசியா கைக்கடிகாரத்தையும் ஜன்னலுக்கு வெளியே கிலோமீட்டர் கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாகர்கோவில் பஸ் தாண்டியது. பிறகு ஒரு கல்யாண வேன். பிறகு (இதைச் சந்ததிகள் நம்ப வேண்டும்) வாழைத்தார் ஏற்றிய குட்டி யானை லாரி, அதன் டிரைவர் பழம் உரித்துத் தின்றுகொண்டே! திருநெல்வேலி ஜில்லா முழுக்கச் சட்டத்தைக் காலில் போட்டு மிதிக்கிறது. நான் ஒருவன்தான் நாட்டின் பிரஜை.

வள்ளியூர் போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி எழுந்திருந்தது. ஜெமிமா கை துடைத்துக்கொண்டே வந்தாள். "மாமா, வழியில படுத்து எந்திரிச்சி வாரீயளோ?"

"நூறத் தாண்டவே இல்ல அத்தான், சத்தியமா," என்றான் ஜெபஸ்டின். பொய்யன். அசனச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு தடவைதான் வாங்கினேன்.

செப்டம்பர் 23

காலையில் காப்பியோடு ஒரு துண்டுத் தாளும் வந்தது. கெசியாவின் கையெழுத்து: பத்துக் கிலோமீட்டர், எட்டே கால் நிமிடம். கீழே சிவப்பு மையில் விடை: மணிக்கு எழுபத்திரண்டு சொச்சம்.

"முள்ளு நூறுல நின்னுதே!"

"முள்ளு நின்னுது. கல்லு நடந்துல்லா வந்துது."

ஹசனைப் போனில் பிடித்தேன். "மீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல மாட்டியிருக்கு சார். அது தண்டு சுத்துறதத்தான் எண்ணும். அதுக்குப் பின்னால நாம பல்ல மாத்தினது அதுக்கு எப்படித் தெரியும்? தண்டு பழையபடியே சுத்தும், சக்கரம் கம்மியாச் சுத்தும். அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க குடையைப் பத்திப் பேசிட்டீய."

முப்பத்து நாலு வருடம் பற்சக்கர விகிதம் நடத்தியவன் நான். போனை வைத்துவிட்டேன்.

அந்தக் குட்டி யானை டிரைவரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன். ஜெபஸ்டினிடம் இல்லை.

செப்டம்பர் 25

காரை வாங்க ஒரு நாகர்கோவில் ஆளோடு ஜெபஸ்டின் வந்தான். கண்ணில் அப்படி ஓர் இரக்கம், அறையலாம் போலிருந்தது. தோற்றது தோற்றதுதான், சாவியைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். வைத்ததும் உள்ளே என்னவோ போலிருந்தது. அறுபத்தொரு வயதில் ஒரு தகர டப்பாவுக்காகவா? ஆமாம். அதற்காகத்தான்.

கெசியா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வண்டி விக்கதுக்கு இல்ல தம்பி."

"நீதானக்கா சொன்ன!"

"சொன்னேன். நூறுல போறதா நெனச்சி எழுபத்திரண்டுல போற மாப்பிள்ளை எங்கன கெடைப்பாரு? நான் இனி நிம்மதியாத் தூங்குவேன்லா."

அதோடு விடவில்லை. என் முன்னாலேயே ஹசனுக்குப் போன். "ஹசன், சார் வந்து கேட்டாலும் அந்த மீட்டரத் தொடாத, கேட்டியா?"

"சரி டீச்சர்." எவ்வளவு சீக்கிரம் சொல்கிறான் பாருங்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கெசியா சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். "தள்ளி உக்காருங்க."

முருகன்குறிச்சி. சிவப்பு. பக்கத்தில் ஜெபஸ்டின். ஏதோ சொல்வதற்காகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தான். பாவம், பச்சை விழுந்தபோது அது பாதிதான் இறங்கியிருந்தது. என் பாட்டுப் புத்தகம் மடியிலிருந்து வயிற்றுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன்: பொட்டு.

"எவ்வளவு காட்டுது?" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் முகத்தில் போன மாதம் பார்த்த அதே சிவப்பு.

முள் அறுபதில் இருந்தது. நாற்பத்து நாலு என்று மனக்கணக்குப் போடத் தெரியாதவனா நான்?

"அறுபது," என்றேன்.

இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.