லேத்தின் நான்காவது போல்ட்

நான் கோதண்டராமன், தரப் பரிசோதகன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை பிழையானது என்பதை உங்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன், பாய். என் விரல்களில் இப்போது கட்டிங் ஆயில் வாடை வீசுகிறது. இருமுறை கழுவியும் போகவில்லை. மூன்றாம் முறை கழுவ மனமும் இல்லை.

அன்றும் இதே வாடைதான். நம் ஆலையில் நீங்கள் இருபது ஆண்டுகள் ஓட்டிய லேத்தில் ஒரு சோதனைக் கம்பியைக் கடைந்து அளந்தோம். ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருந்தது. வேறுபாடு அனுமதித்த எல்லையைத் தாண்டியதால், ‘லேத்தைத் தாங்கும் அடிச்சட்டமான பெட் தேய்ந்துவிட்டது, இயந்திரம் கழிக்கத்தக்கது’ என்று எழுதினேன். நீங்கள் ஸ்பேனரை என் முன் நீட்டினீர்கள்.

“தரை எறங்கிக்கீது சார். போல்ட்ட லூஸ் பண்ணிட்டு ஒருவாட்டி பாருங்க.”

“இருக்கிற நிலையிலதான் அளக்கணும் பாய். விதி அதான்.”

“இன்னா சார் விதி? ஒருத்தன் காலக் கட்டிப்போட்டுட்டு, நொண்டிக்கினு கீறான்னு எழுதுவீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் கையெழுத்திட்டேன். பிறகு அவர்கள் உங்களைப் பார்த்தும் சிரித்தார்கள். முரட்டுக் கையால் இயந்திரத்தைப் பாழாக்கியவர் என்று பேசினார்கள். சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோருக்கு உங்களை மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை நீங்கள் வேறு எந்த இயந்திரத்தையும் தொடவில்லை. ஆனால் அதே லேத்தைக் கழிவு ஏலத்தில் எடுத்து, பீர்க்கன்கரணை வீட்டின் பின்கொட்டகையில் வைத்துக்கொண்டீர்கள். வந்து பார்க்கும்படி பலமுறை சொல்லி அனுப்பினீர்கள். நான் வரவில்லை.

நீங்கள் காலமாகி ஆறு மாதம் கழித்து உங்கள் மனைவி தொலைபேசியில் அழைத்தார். “லேத்த எடுக்க இரும்புக்கடைக்காரரு வண்டியோட வந்து நிக்கிறாரு சார். அந்த சார் ஒருவாட்டி வந்து பாக்கட்டும்னு அவரு கடைசிவரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. நீங்க பாத்துட்டு வேணாம்னா, தூக்கிக் குடுத்துடறேன்.”

அன்று மாலையே கிழக்குத் தாம்பரத்தில் என் கார் தெருவுக்கு வந்தது. அதன் ஷெட்டுக்குள் உங்கள் லேத் நுழைந்தது.

நான்கு மாதங்கள் உழைத்தேன். மண்ணெண்ணெயில் துருவை ஊறவைத்துத் துடைத்தேன், பெல்ட்டை மாற்றினேன், ரசமட்டம் வைத்து நிறுத்தினேன். நான்கு கால்களின் போல்ட்டுகளையும் ஒரே அளவு விசையில், விதிப்படி இறுக்கினேன். கம்பியைக் கடைந்து அளந்தேன். ஒரு முனை பருத்திருந்தது. அறிக்கையில் நான் எழுதியதைப் போலவே எல்லை தாண்டிய வேறுபாடு. என் தீர்ப்பு சரிதான் என்று ஒரு கணம் எனக்குள் மகிழ்ச்சி எழுந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன், பாய்.

அந்த வெட்கத்தோடுதான் ஸ்பேனரை எடுத்தேன். மூன்று போல்ட்டுகளைத் தளர்த்தியபோது எதுவும் நடக்கவில்லை. நான்காவதைத் தளர்த்தினேன். அந்தக் கால், தானாகவே தரையைவிட்டு ஒரு நூல் மேலெழுந்தது. அன்று ஆலையில் நீங்கள் சொன்னது போலவே, என் ஷெட்டிலும் அந்த மூலையில் தரை பள்ளம். நான் இறுக்கிய இறுக்கத்தில் அத்தனை கனத்த வார்ப்பிரும்பு பெட்டே முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது! இடைவெளியில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகி, அளவாக இறுக்கி, மீண்டும் கடைந்தேன். இரு முனையிலும் மைக்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டியது. ஐந்து முறை அளந்தேன். ஐந்து முறையும் அதே எண். என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

“என்னங்க, கையில பட்டுடுச்சா?” என்று என் மனைவி ஓடிவந்தாள்.

“இல்ல, பாய் ஜெயிச்சுட்டாரு!”

“நல்லா ஜெயிக்கட்டும். கார் எப்போ உள்ள வரும்?”

கார் வெயிலிலேயே நிற்கட்டும். வரும் ஞாயிறு ஆலையில் நம்மோடு வேலை பார்த்த பழைய ஷாப்காரர்கள் கூடுவாஞ்சேரியில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். அந்தக் கம்பியையும் மைக்ரோமீட்டரையும் அங்கே எடுத்துச் செல்வேன். உங்கள் மனைவியை முன்வரிசையில் அமர்த்துவேன். அன்று சிரித்த ஒவ்வொருவரையும் அளக்கச் செய்து, எண்ணை அவர்கள் வாயாலேயே உரக்கப் படிக்க வைப்பேன். பின் எழுந்து நின்று, பெட் தேயவில்லை, பாயின் கை பிசகவில்லை, பிசகியவன் பரிசோதகன் என்று அறிவிப்பேன். திருத்திய அறிக்கையில் அனைவர் முன்னிலையிலும் கையெழுத்திட்டு, அதை உங்கள் மனைவியின் கையில் கொடுப்பேன்.