லாண்டரிக்காரன் விரல் வைத்த இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமில்லை என்று உன் கடிதமே சொல்கிறது. வாஷிங் மெஷினைச் சரிபண்ண வந்தவன் குழாயை ஒழுங்காக மாட்டாமல் வீடு முழுக்கத் தண்ணீர் விட்டானாம், தரைப்பலகை எல்லாம் ஊறி உப்பிவிட்டதாம், கேட்டால் நீதான் கண்ட பட்டனை அமுக்கினாய் என்கிறானாம். நீயும் "போனாப் போகுதுப்பா, கோர்ட்டுக்கெல்லாம் போக வெட்கமா இருக்கு" என்று எழுதுகிறாய். ஆகா, என்ன பெருந்தன்மை! வீட்டை நனைத்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறான், உனக்கு வெட்கமாம். தரைக்கு வீட்டுக்காரர் உன்னிடம் காசு கேட்கும்போது இந்த வெட்கத்தையே எடுத்துக் கொடு.

உன் அம்மா செய்ததைக் கேள். பல் டாக்டரம்மாவுக்குத் தைத்த பட்டுக் கவுனை அலசி இஸ்திரி போடக் கொடுத்திருந்தாள். லாண்டரிக்காரன், அதான் கல்லாவில் மந்திரி மாதிரி சாய்ந்திருப்பானே, அவன் அதை மெஷினில் சிக்கவிட்டுக் கிழித்தான். கிழித்ததோடு விட்டானா? "அந்தம்மா தையல் லட்சணம் அவ்வளவுதான், தண்ணி பட்டதும் விட்டுப்போச்சு" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தான். தைக்கக் கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நான்கூட விட்டுத்தொலை என்றேன். என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! சின்னச் சின்ன நஷ்டங்களை விசாரிக்கிற சிறு வழக்கு மன்றத்துக்கே போய் மனுப் போட்டுவிட்டாள்.

அது ஒன்றும் பெரிய பூதமில்லை. வக்கீல் வேண்டாம். இன்ன நஷ்டம், இந்தத் தேதிக்குள் தராவிட்டால் வழக்கு என்று முதலில் அவனுக்குப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். மசியாவிட்டால் மனு, சின்னக் கட்டணம், அவ்வளவுதான். கடைப் பலகையில் இருக்கிற பேரை அப்படியே எழுதி ஏமாறாதே, கடை யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று விசாரி. பில், படம், கெட்டுப்போன பொருள் எல்லாவற்றையும் கொண்டுபோ, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உன் ஊர்க்கதையெல்லாம் அங்கே வேண்டாம்.

உன் அம்மா கொண்டுபோன அழகைக் கேள்! கிழிந்த துணியை நாலு பேர் முன்னால் விரிக்கக் கூசுகிறது என்று, முதல் நாளே உட்கார்ந்து இழை இழையாக ஓட்டி, கிழிசல் இருந்த சுவடே தெரியாமல் சரிசெய்துவிட்டாள். படமும் எடுக்கவில்லை. நீதிபதி கவுனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கிழிசல் எங்கேம்மா என்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நம் கல்லா மந்திரிக்கு ஒரே இளிப்பு. நீதிபதி அவன் பக்கம் திரும்பி, தையல் விட்டது என்கிறீரே, நீராவது காட்டும் என்றார். அந்த மகா புத்திசாலி பாய்ந்து வந்து "இங்கதான் சார், இவ்ளோ நீளத்துக்கு" என்று விரலை வைத்தான். வைத்தது முன்பக்கத்து நடுத்துணியில். அங்கே தையலே கிடையாது! தைக்காத இடத்தில் தையல் எப்படி ஐயா விடும் என்று நீதிபதி கேட்டார். நஷ்டஈடும் வந்தது. டாக்டரம்மாவும் புதுத்துணியோடு திரும்பி வந்தார்.

எல்லா எதிராளியும் இவனைப் போல மடையனாக வாய்க்க மாட்டான். நீயும் அந்த அம்மா பெற்ற பெண்தானே, தரையைத் துடைத்துப் பளபளப்பாக்கித் தொலைக்காதே. முதலில் படம் எடு.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. உன் வெட்கத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து அம்மா விமான டிக்கெட் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். மனுப் போட்டதாகத் தகவல் வந்தால் நிறுத்துவாளாம். வந்துவிட்டால் அந்த மெக்கானிக்கை அப்புறம்தான் கவனிப்பாள், முதலில் உன்னை.

ஆசிகளுடன்,
அப்பா