வண்டிப் பெயரில் இரண்டு எழுத்து

12-5-2005, வியாழன்.

அக்கா வீட்டுக்காரருக்கு உப்பளத்து வேலையில் பாதமெல்லாம் வெடிப்பு. செல்ஃப் ஸ்டார்ட் வண்டிதான் வேண்டும் என்றார். போன மாதம் புக் செய்யும்போது, விலைப்பட்டியலில் இருந்த 'கே.எஸ்.' என்றால் என்ன என்று டிப்ளமோ படித்த என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. "எஸ்னா செல்ஃப், மாமா" என்று அடித்துவிட்டேன்.

வந்தது உதைத்துக் கிளப்பும் கிக் ஸ்டார்ட் வண்டி; கே.எஸ். என்றால் அதுதானாம். "கடைக்காரன் ஏமாத்திட்டான்பா" என்று சொல்லிக்கொண்டு, காலில் துணியைச் சுற்றி உதைக்கிறார்.

இன்று மாலை, கூட வேலை செய்பவர் ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். "எங்க மச்சானுக்கு எல்லாம் தெரியும், இவனையே கேளு" என்றார். அந்த ஆள் நீட்டிய தாளில் ஏதோ மூன்று எழுத்து.

மாமாவின் காலைப் பார்க்காமல், அதற்கும் ஒரு அர்த்தம் சொல்லி அனுப்பினேன்.