ஒரு சாணுக்கு ஒரு கீறல்

ஜூலை 7, திங்கள்

காலை முதல் மழை. எங்கள் தோல்பைப் பட்டறை, கார்கானா, வாசலில் கணுக்கால் தண்ணீர். பை கைப்பிடிகளுக்குப் பசை போட்டேன், ஒன்றும் காயவில்லை.

நேற்று மாட்டுங்கா ஸ்டேஷன் வெளியே நடைபாதைக் கடையில் பூதக்கண்ணாடி வாங்கினேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது. என் அண்ணன் காக்காவின் மனைவி, மைனி, இந்த வயதில் இது எதற்கு என்றாள். எதற்கு என்றால், பார்க்க. நாற்பத்தொரு வயதானால் பார்க்கக் கூடாதா?

இதுவரை பார்த்தவை: சர்க்கரை. தையல் நூல் (ஒன்று இல்லை, மூன்று முறுக்கு). கொசுவின் கால், அதிலும் முடி. என் கட்டைவிரல்.

ஜூலை 8, செவ்வாய்

விட்டு விட்டு மழை. டீ நேரத்தில் தோலைப் பார்த்தேன். ஆட்டுத்தோலில் முடி இருந்த துளைகள் மூன்று நான்காகச் சேர்ந்து வரிசை வரிசையாக. எருமையில் தனித்தனியாக, பெரிதாக. இருபது வருஷம் இதன் மேல் பசை தடவியிருக்கிறேன், ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிது.

காக்காவிடம் சொன்னேன். அவர்தான் முதலாளி. தோலைக் கட்டைவிரலால் அழுத்தி, முகர்ந்து, இன்ன தோல் என்று சொல்லிவிடுவார். கார்கானாவே அவர் மூக்கை நம்புகிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஆடு எருமையாகிவிடுமா என்று சிரித்தார். தைக்கிற காரிகர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூலை 9, புதன்

புது மால் வந்தது. ஆட்டுத்தோல். கண்ணாடியில் துளைகள் எல்லாம் சரி. ஆனால் ஒரு சின்னக் கீறல். ஒரு சாண் தள்ளி அதே கீறல். இன்னொரு சாண், மறுபடி. அடுத்த தோலிலும் அப்படியே. எந்த ஆடும் அளந்து அளந்து முள்ளில் கீறிக்கொள்ளாது. எருமைத்தோலில் ஆட்டுத்தோல் அச்சை அழுத்தியிருக்கிறார்கள். நானே கண்டுபிடித்தேன்.

காக்காவை எவனோ ஏமாற்றிவிட்டான் என்று ஓடினேன். எதிரில் வாஷியில் கடை வைத்திருப்பவர், பை வாங்க வந்தவர். புத்தி கெட்டவள், அவர் முன்னாலேயே இந்தியில் சொல்லித் தொலைத்தேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன் பண்ணுகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

காக்கா கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை.

"எனக்குத் தெரியாதாட்டி? வாங்கும்போதே தெரியும்."

மூக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. வாய்தான்.

ஒவ்வொரு பையிலும் 'அசல் ஆட்டுத்தோல்' என்று இங்கிலீஷில் அச்சடித்த அட்டை தொங்கும். கட்டுவது என் கை. எத்தனை பொய் கட்டினேனோ.

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். காக்கா எறிந்த அட்டைக் கட்டு என் மடியில் வந்து விழுந்தது. கட்டமாட்டேன் என்றேன்.

"எருமைன்னு அடிச்சுத் தாங்க காக்கா, கட்டுதேன்."

"எவன் வாங்குவான்?"

நல்ல தோல், நல்ல தையல், அது போதாதா என்று கேட்டேன். நாளைக்கு அந்தக் கண்ணாடி இல்லாமல் வா, இல்லையென்றால் வராதே என்றார்.

பயமாக இருக்கிறது. நான் குடியிருக்கும் ரூமும் அவருடையதுதான். மகளின் காலேஜ் இந்தக் கைவேலையில் ஓடுகிறது. (அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் இங்கே எழுதலாம்.) ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க என்ன செய்வது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் செய்யமாட்டேன்.

குடை ரிப்பேர். ஸ்டவ் மண்ணெண்ணெய் நாற்றம் சட்டையில்.

ஜூலை 11, வெள்ளி

ஒன்பதுக்குப் போனேன். கண்ணாடியோடு. என் இடத்தில் மைனி, அட்டை கட்டிக்கொண்டு. காக்கா என் பக்கம் திரும்பவில்லை. மதியம் குளித்துவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்.

மைனி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கட்டியதை அவிழ்த்தேன். கட்டினாள். அவிழ்த்தேன்.

"சோத்துல மண்ணள்ளிப் போடாத, நூரு."

கண்ணாடியை நீட்டினேன். வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தோலில் அவளே சாண் போட்டாள். இன்னொரு தோலை இழுத்து அதிலும் போட்டாள். கண்ணாடியைத் தரையில் வைத்தாள். அதன் பிறகு அட்டையை எடுக்கவில்லை.

காக்கா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். வேலையைப் பாதியில் நிறுத்தியது யார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் மைனி, "நான்தான்" என்றாள்.