டைம் ஆபீஸ் நாற்காலி

அம்பத்தூர்,
தாது வருஷம் ஆவணி 12

சிரஞ்சீவி உலகநாதனுக்கும் சௌபாக்கியவதி தாட்சாயிணிக்கும் நைனா வேம்புலி மனசார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே சேதி சொல்லிவிடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. கரக்பூரில் நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று உன் கடிதத்தின் முதல் வரியில் எழுதியிருந்தாய். மீதி இரண்டு பக்கத்தையும் படித்த பிறகு அந்த முதல் வரியை நான் நம்பவில்லை.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன், உன் அம்மாவுக்கு ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டினேன். ரயில்வே ஷெட்டில் லேத்தில் இரும்பு கடைந்து ஆறு வருஷம் வேலை செய்த உன்னைப் போன வருஷம் ஆள் வருகைக் கணக்கு எடுக்கிற டைம் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், சம்பளமும் கூட்டினார்கள். இப்போது நீ என்னவென்றால், காலை முழுக்க வேலையாட்களிடம் பித்தளை டோக்கனை வாங்குவதும் சாயங்காலம் முழுக்க அதையே திருப்பிக் கொடுப்பதுமாகப் பொழுது போகிறது, கை சுத்தமாக இருக்கிறது, அதைப் பார்த்தால் வேறு யாருடைய கையோ போல இருக்கிறது என்று எழுதுகிறாய். திரும்பவும் லேத்துக்கே போவதானால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிடு, பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று போர்மன் சொன்னதாகவும், நைனா எப்படிச் சொல்கிறாரோ அப்படிச் செய்கிறேன் என்றும் முடித்திருக்கிறாய். உன் பெண்டாட்டி உனக்குத் தெரிந்தோ தெரியாமலோ கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி கிறுக்கியிருக்கிறாள், சாப்பிட உட்கார்ந்தால் அவர் பேசுவதே இல்லை மாமா, முன்னே எல்லாம் எண்ணெய்க் கறையோடு வந்து கதை கதையாகச் சொல்லுவார் என்று. இதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு நாள் போதும், ஆனால் பத்து நாள் ஆகிவிட்டது, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. பங்குனியில் நான் ரிட்டையர் ஆனதும் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நம் ஓட்டு வீட்டுக்கே வந்துவிட்டோம், அது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் கொடி பிடித்தாயிற்று, இனிமேல் சாப்பிடுவதும் தூங்குவதும்தான் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. பதினோராவது நாளிலிருந்து உன் அம்மா அடுப்படியில் என்ன செய்தாலும் அதில் ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். உப்பு ஜாடியை இடது பக்கம் வை என்றேன், வலது பக்கம் வை என்றேன். ஒரு நாள் அவள் கரண்டியை என் கையிலேயே கொடுத்துவிட்டு, "இந்தா, நீயே ஆக்கு, நான் போயி ஒன் கேட்டாண்ட நிக்கிறேன்" என்று முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆடியில் உன் தங்கை நாகவல்லிக்குக் காய்ச்சல் என்று பூந்தமல்லிக்குப் பக்கத்துச் சென்னீர்குப்பம் போயிருந்தோம். இப்போது குணமாகிவிட்டது, கவலைப்படாதே, மாப்பிள்ளை கோதண்டம் கீரைப் பாத்தியை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டான். அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நீயாகக் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பூந்தமல்லி முழுக்க அது தெரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவன் நன்றாகத் தூங்கிப்போனேன். மூன்றரை மணிக்கு நெல் மில்லில் சங்கு ஊதினான். மூன்றரைதான் நம் கேட்டில் கூட்ஸ் வருகிற நேரம். பாதித் தூக்கத்தில் எழுந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த கோதண்டத்தின் சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு நேரே பெங்களூர் ரோட்டுக்குப் போய் நட்டநடுவில் நின்று விரித்துப் பிடித்துவிட்டேன். இரண்டு வைக்கோல் வண்டி நின்றது, ஒரு ஜட்கா நின்றது, பின்னால் வந்த மோட்டார் பஸ்ஸும் நின்றது. ஒருத்தனாவது ஏன் என்று கேட்க வேண்டாமா, கேட்கவில்லை. நானும் ரயில் வருகிறதா என்று இடது பக்கம் பார்க்கிறேன், அங்கே ஒரு புளியமரமும் அதன் அடியில் ஒரு ஆடும்தான் இருக்கிறது. ஜட்காக்காரன் நம் கேட்டில் வருஷக்கணக்காகப் போய் வந்த அன்வர் பாஷா. அவன் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, பூந்தமல்லிக்கு ரயிலு உட்டுட்டாங்களா, சொல்லவே இல்ல?" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், ஆனால் வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இதையே யோசித்தேன். சம்பளம் போனதற்காகவா அழுதேன் என்றால் அதற்கு இல்லை, நமக்கு இருப்பது போதும். நீலச் சட்டை போனதற்கும் இல்லை, அது எனக்கு என்றைக்கும் கழுத்தில் இறுக்கும். வண்டிக்காரன், கூடைக்காரி, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாரும் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தையே பார்ப்பார்கள். ரயில் போன பிறகு கேட்டைத் திறந்து, போகலாம் என்று கையைக் காட்டுவேன். அத்தனை பேரும் ஒரு கீறல் இல்லாமல் என் கண் முன்னால் அக்கரை சேர்வார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் மழையிலும் வெயிலிலும் நின்றிருக்கிறேன், வேலையில் இருந்தவரைக்கும் அது எனக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் அன்வர் பாஷா வீடு தேடி வந்தான். கேலி பண்ண வருகிறான் என்று நினைத்தேன். அவனோ, பூந்தமல்லி சந்தைக்கு வருகிற வண்டிகள் பெரிய ரோட்டில் ஏறுகிற திருப்பத்தில் பஸ்ஸுக்குக் குறுக்கே மாட்டிக்கொள்கின்றன, போன மாதம் ஒரு மாட்டுக்குக் கால் போய்விட்டது, "நீ துண்ட காட்னா பஸ்காரனே நிக்கிறான், சந்த அன்னிக்கி மட்டும் வந்து நில்லு அண்ணாத்தே, ஒனக்கு இன்னா வேணுமோ வாங்கிக்க" என்றான். செவ்வாய்க்கிழமைதோறும் விடியற்காலையில் அவன் ஜட்காவிலேயே போய் உச்சி வரைக்கும் நின்றுவிட்டு வருகிறேன். வண்டிக்காரர்கள் காயோ கீரையோ கொடுக்கிறார்கள், கொடுக்காவிட்டாலும் நிற்பேன். செவ்வாய்க்கிழமை போக மீதி ஆறு நாளும் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது, உப்பு ஜாடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் பார்ப்பதே இல்லை. ஆகையால் வேலையை விட்டதும் எங்களோடு வந்து சும்மா இருங்கள் என்று நீ கூப்பிட்டதற்கு இதையே பதிலாக வைத்துக்கொள், பொங்கலுக்கு வந்து ஒரு மாதம் இருக்கிறோம், அதற்கு மேல் என்னைச் சும்மா உட்கார வைத்தால் தாட்சாயிணி பாடு திண்டாட்டமாகிவிடும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் புது வேலையும் ஆறு மாதத்துக்குக் கசக்கத்தான் செய்யும், அதற்காக ஓடி வரக் கூடாது. ஆனால் உனக்குப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட ஷெட்டுக்குப் போய் உன் பழைய லேத்தை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவதாக எழுதியிருக்கிறாய். நாற்காலியைப் பார்க்க எவனாவது ஞாயிற்றுக்கிழமை போவானா? உன் மாமனார் திருவேங்கடம் ஆவடி கடைத்தெரு முழுக்க என் மருமகன் ஆபீசில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறார், அவர் முகம் கொஞ்ச நாள் தொங்கும்தான். அந்த நாற்காலியில் தினமும் எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவன் நீயா அவரா? அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் குறைந்தால் குடும்பம் நடத்துகிறவள் தாட்சாயிணி, அவளைக் கேள். அவள் எழுதிய இரண்டு வரியிலேயே அவள் பதில் இருக்கிறது.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் பத்து நாள் ஏன் எழுதவில்லை என்றால், உன் கடிதத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. ஆவடி ஸ்டேஷனில் உங்களை நாற்காலியிலிருந்து இறக்கி அவமானப்படுத்தினார்களே நைனா, அதற்காகவே நான் இந்த நாற்காலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து தினமும் எழுத உட்கார்ந்து தினமும் எழுந்துவிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று என்னைக் கேட்டிலிருந்து எடுத்து ஆவடி பார்சல் ஆபீசில் போட்டார்கள். ஆறு மாதம் மாங்காய்க் கூடைக்கும் வெற்றிலைக் கட்டுக்கும் சீட்டு ஒட்டினேன். பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்து, எனக்கு இங்கிலீஷ் போதவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பவும் கேட்டுக்கே அனுப்பிவிட்டார் என்று சொன்னேன். உன் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். நீ பதின்மூன்று வயசுப் பிள்ளை, இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்துவிட்டு, நான் பெரியவனானதும் ஆபீஸ் நாற்காலியில்தான் உட்காருவேன் என்று சொன்னாய். அன்றிலிருந்து நீ படிப்பில் காட்டிய சூட்டிகையைப் பார்த்து நான் உள்ளூர சந்தோஷப்பட்டேன், அதனால்தான் வாயைத் திறக்கவே இல்லை. என்னை யாரும் அனுப்பவில்லை உலகநாதா. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தங்கமான மனுஷன், இந்த வேலைக்கு ஆள் ஆளுக்குச் சிபாரிசோடு வருகிறான், உனக்கென்ன பைத்தியமா என்று என்னைத் திட்டினார். ஏன் என்று சொல்லத் தெரியாமலேயே நான்தான் மூன்று தடவை போய் அவரிடம் கெஞ்சி என் கேட்டைத் திரும்ப வாங்கினேன். நல்ல நாற்காலியைத் தானாக விட்டுவிட்டு வந்தான் என்று ஊர் சிரிக்குமே என்று வெட்கப்பட்டுத்தான் பழியை அவர் தலையில் போட்டேன். அந்த ஒரு பொய் உன்னை இவ்வளவு தூரத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, என்னை மன்னித்துக்கொள்.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.  "அட பாவி மனுசா, அந்த மாஸ்டர் ஊட்டம்மா மாத்தலாயி போற வரிக்கும் நான் மூஞ்சி குடுத்து ஒரு வார்த்த பேசலியே, அவ புள்ள பெத்து கிடந்தப்ப கூட எட்டிப் பாக்கலியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் இப்போது அரக்கோணத்தில் இருக்கிறாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போகப் போகிறாள், கூட வந்து நீயே சொல்லு என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், போகிறேன்.

தாட்சாயிணியிடம் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டு, ஒளிக்காதே. அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று நூறு வயசு இருக்க வேண்டும் என்று நம் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறோம். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைக்காதே, கடிதம் உன் கைக்கு வந்த அன்றைக்கே போர்மனைப் போய்ப் பார். எனக்காக நீ மீட்டெடுக்க வேண்டிய மானம் எதுவும் அந்த நாற்காலியில் இல்லை, நான் அதிலிருந்து சந்தோஷமாகத்தான் எழுந்து வந்தேன். நீயும் எழுந்து வா.

இப்படிக்கு,
தன் இஷ்டத்தோடு கேட்மேனாக இருந்த
உன் நைனா,
வேம்புலி