உருவகம்ங்க என்று சொல்லிவிட்டேன்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையிலேயே வெயில். பெண் பார்க்க வந்தார்கள், திட்டக்குடியிலிருந்து. பையன் (சேகர், எலெக்ட்ரிக்கல் கடை), அவன் அம்மா, தரகர். கேசரி, பஜ்ஜி, டீ.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அவர் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியின் ஃபியூஸ் கேரியர்தான் பையன் கடையிலும் விற்கிறதாம். அதைப் பற்றியே பேச்சு.

டீ கொண்டு போனேன். பையனின் அம்மா, "மகாலட்சுமியே டீ எடுத்துட்டு வந்துட்டா" என்றார். சும்மா நின்றிருக்கலாம். "உருவகம்ங்க" என்று சொல்லிவிட்டேன். என்னவென்று கேட்டார். "மகாலட்சுமி மாதிரின்னா உவமைங்க. மகாலட்சுமியேன்னா உருவகம்." அம்மா முதுகில் கிள்ளினாள். டியூஷன் சென்டரில் பத்தாவதுக்கு அணி நடத்தி நடத்தி வந்த வியாதி இது. பையன் மட்டும் சிரித்தான். நல்ல சிரிப்பு. பிடித்துவிட்டது. எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

அவன் அம்மா சிரிக்கவில்லை. ஏற இறங்கப் பார்த்து, "பொண்ணுக்கு நல்லா பேச வருது" என்றார். கிளம்பும்போது, "சொல்லி அனுப்பறோம்."

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா: "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதாடி ஒனக்கு?"

25, திங்கள்

புழுக்கம். தகவல் இல்லை.

டியூஷனில் வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போலப் பழிப்பது. "சோம்பேறியப் பார்த்து, ஒன்ன மாதிரி ஒழைப்பாளி உண்டான்னு சொல்றோமே, அதான்" என்று சொல்லும்போதே பையனின் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நல்லா பேச வருது. ஐயோ. புகழ்ச்சியா அது? வாயாடி என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் சொன்னது.

சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. முன்பெஞ்சுக் கயல்விழி, "மிஸ், ஒடம்பு சரியில்லியா?"

வாங்க: சோப்பு, ரீஃபில், அம்மாவுக்கு மாத்திரை.

26, செவ்வாய்

தரகரிடமிருந்து போன் இல்லை. சார்ஜ் பார்ப்பது போல எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

இன்று தற்குறிப்பேற்றம். தானாக நடப்பதன் மேல் நம் நினைப்பை ஏற்றிச் சொல்வது. நானே ஒரு உதாரணம் கொடுத்தேன்: சூளைப் புகை காற்றில் அசைகிறது, 'இந்தப் பக்கம் வராதே' என்று கையை ஆட்டுகிறது. கயல்விழி: "பொகைக்கு என்னா மிஸ் தெரியும்?" வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் கரண்ட் போனது. அதுவும் சகுனமாகப் பட்டது. பி.ஏ., பி.எட். படித்தவள்! வெட்கக்கேடு.

27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தூறல்.

அப்பா கம்பெனி முழுக்கச் சொல்லியாயிற்று. "நம்ம பொண்ணு பேச்சைக் கேட்டு மாப்ள வூட்ல அப்படியே அசந்துட்டாங்க." உயர்வு நவிற்சி, மிகைப்படுத்திச் சொல்வது. பிள்ளையார் வாங்கப் போன இடத்தில் அவரோடு வேலை பார்ப்பவர், "எப்ப பாப்பா கல்யாண சாப்பாடு?" என்றார். அப்பா பூரித்துப்போய் நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை. நாளைக்கு வேண்டாம் என்று சேதி வந்தால் இந்த மனுஷன் எந்த முகத்தோடு வேலைக்குப் போவார்? அவர்கள் முந்துவதற்குள் நாமே சொல்லிவிட்டால் கௌரவமாவது மிஞ்சும்.

மாடிக்குப் போய்த் தரகருக்குப் போன். "எங்களுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிடுங்க."

"அப்பா ஒண்ணும் சொல்லலியேம்மா?"

"நான் சொல்றேங்க." வைத்துவிட்டேன். கொழுக்கட்டையைத் தொடவில்லை.

29, வெள்ளி

தரகர் அப்பாவை டீக்கடையில் பிடித்துச் சொல்லியிருக்கிறார். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "ஏம்மா, ஒனக்குப் புடிச்சிருக்குன்னுதான நெனைச்சேன்."

"அவங்க வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி..."

"அவங்க எப்ப சொன்னாங்க?"

டியூஷனுக்கு லீவு சொல்லிவிட்டு அழுதேன். அந்தச் சிரிப்பு வேறு ஞாபகம் வந்து தொலைக்கிறது.

31, ஞாயிறு

மேகமூட்டம். ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பையனின் அம்மா. தனியாக, பஸ்ஸில்.

உட்காரக்கூட இல்லை. "என் புள்ளைய ஏம்மா புடிக்கல?"

"புடிக்கலன்னு இல்லீங்க. நீங்க வேணாம்னு சொல்லப்போறீங்கன்னு..."

"யாரு சொன்னா?"

"நல்லா பேச வருதுன்னீங்க. அப்புறம் சேதியும் வரல."

"நல்லா பேசின, சொன்னேன். எங்க வூட்டுக்காரர் போன பொறவு வூட்ல டி.வி. சத்தம்தான். இவன் கடைய சாத்திட்டு வந்தா சாப்பாடு, தூக்கம். நீ வந்தா வூடு கலகலன்னு இருக்கும்னு நெனைச்சேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "திங்கக்கிழம எங்க பங்காளி வூட்ல ஒரு சாவு. தீட்டோட எப்படிம்மா நல்ல சேதி சொல்லி அனுப்பறது? நேத்துதான் சுருக்கமா காரியத்த முடிச்சாங்க. பார்த்தா தரகர் இப்படிச் சொல்றாரு."

இயல்பு நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்வது. பரீட்சையில் அதிகம் வராது என்று நான் எப்போதும் நடத்தாமல் தாண்டிவிடும் அணி.

"மன்னிச்சிடுங்க. எனக்கு அவரைப் புடிச்சிருக்குங்க." அப்பா எதிரிலேயே சொன்னேன். அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா டீ கொண்டுவந்தாள். அவர் டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். "சோறு ஆயிடுச்சாங்க?"

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் இலை வாங்க ஓடினார்.

பையனின் அம்மா கை கழுவி வந்து உட்கார்ந்தார். அம்மா கரண்டியோடு குனிந்தாள். "நீங்க இருங்க. அவ போடட்டும்."

போட்டேன். சாம்பார் பாதி தரையில்.