எழுந்து போகாதவளுக்குக் கொடுத்த பாட்டில்

திருவொற்றியூர் குப்பம்,
9.2.2025, ஞாயிறு

யசோதராவுக்கு,

குணசுந்தரி எழுதுகிறேன். என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். சரி, போஸ்ட்மேனை எப்படி பிளாக் பண்ணுவாய் என்று பார்க்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. கோபம் தீரட்டும், அப்புறம் கேட்கிறேன்.

உன்னைப் பழவேற்காட்டுப் பக்கம் கம்பெனியின் புது இறால் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு பிளாஸ்டிக் கிரேட் நிறைய இறாலைத் தரையில் கொட்டியதற்காக மேஸ்திரி வேலையும் போய், மறுபடியும் உரிக்கிற மேஜையில் நிற்கிறாயாமே. நம் ஷெட்டுக்கே மூத்தவள் சொக்கம்மாள் அன்றைக்கு எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். நானும் தின்றேன். பின்னால் வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த மகிழினி உனக்கு என்னடி செய்தாள்? பொங்கல் கழித்து வேலைக்கு வந்த பிள்ளை. கை மெதுவாகத்தான் போகும். அதற்காக ஐஸ் தண்ணியும் இறாலுமாக ஒரு முழு கிரேட்டைத் தூக்கி அவள் மேல் கவிழ்ப்பாயா? "கண்ணு இன்னா பொடனிலயா கீது? போ, வூட்டுக்குப் போயி துணிய மாத்து" என்று ஷெட்டே கேட்கும்படி வேறு கத்தினாய். கடைசி மேஜையில் இருந்த எனக்கே கேட்டது. அவள் அழுதுகொண்டே போனவள்தான், இன்னும் திரும்பி வரவில்லை.

நீ இப்படிப்பட்டவள் இல்லை. நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐஸில் என் விரலெல்லாம் வீங்கிப் போனபோது, உன் கிளவுஸைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு வெறுங்கையால் உரித்தவள் நீ. மேஸ்திரி தொப்பி தலையில் ஏறியதும் மூளை இறங்கிவிட்டது.

உனக்கென்ன. ஷெட்டுக்கே ஒரு சிவப்பு டோக்கன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் பாத்ரூம் போக முடியும். அந்த டோக்கனுக்காக நீ ஒரு நாளும் நின்றதில்லை. காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஷிஃப்ட் முடிகிறவரை அசையாமல் நிற்பாய். ஒட்டகம் என்று நான்தான் பேர் வைத்தேன். சிறந்த உழைப்பாளி என்று ஆண்டு விழாவில் உனக்குப் பரிசு கொடுத்தார்களே, ஒரு ஸ்டீல் தண்ணி பாட்டில். தண்ணீரே குடிக்காதவளுக்குத் தண்ணி பாட்டில். அதையும் ஸ்டிக்கர் கூடக் கிழிக்காமல் ஷோகேஸில் வைத்திருக்கிறாய்.

எனக்கு இடுப்பு வலி. ஸ்கேன் எடுத்ததில் கல் இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டரம்மா. "தண்ணி குடிச்சா கல்லு பூடும், வேலயும் பூடும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மகிழினியிடம் மன்னிப்புக் கேள். அதுவரை நான் உனக்கு யாரும் இல்லை.

குணசுந்தரி


பழவேற்காடு ஷெட் விடுதி,
14.2.2025

அன்புக் குணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. விடுதியில் எனக்கு வந்த முதல் கடிதம். திட்டித்தான் எழுதியிருக்கிறாய், இருந்தாலும் இரண்டு தடவை படித்தேன்.

ஆமாம், நான்தான் ஊற்றினேன். கத்தியதும் நான்தான். அதைப் பற்றி இதற்கு மேல் என்னிடம் கேட்காதே. மகிழினியிடமும் போய் எதையும் கேட்காதே. அவளுக்கு வேறு எங்காவது வேலை கிடைக்குமா என்று மட்டும் பார். கல்மண்டபத்தில் ஒரு துணிக்கடையில் ஆள் கேட்பதாக நம் மேஜை அஜீசா முன்பு சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஜ்ஜி தின்றதற்கு வருத்தப்படாதே. சொக்கம்மாள் காசில் பஜ்ஜி என்றால் நானும் தின்றிருப்பேன்.

கல்லை விளையாட்டாக நினைக்காதே. எங்கள் வியாசர்பாடி வீட்டுக்கு எதிரில் ஒருத்தி இப்படித்தான் சிரித்துக்கொண்டே இருந்து கிட்னி போகும்வரை விட்டுவிட்டாள். வீட்டிலாவது தண்ணீர் குடி. சுப்புராயன் அண்ணனைச் செம்பு எடுத்துக்கொண்டு உன் பக்கத்திலேயே உட்காரச் சொல். கடலுக்குப் போகிற மனுஷனுக்குப் பெண்டாட்டிக்குத் தண்ணீர் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

பிளாக்கை எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் வாயைத் திறந்துவிடுவேன்.

ஜெய்பீம்.
யசோ


திருவொற்றியூர் குப்பம்,
23.2.2025, ஞாயிறு

அடி யசோ,

கேட்காதே என்றாயா, உடனே கிளம்பிப் போய்விட்டேன். நீ சொன்ன பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. மகிழினி அம்மா கதவைத் திறந்தாள். அந்தப் பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது, இளைத்துப் போயிருந்தது. அம்மா சொன்னாள்: "வூட்லயும் தண்ணி குடிக்க மாட்டேங்குதும்மா. ராவுல எழுந்து எழுந்து பாத்ரூமுக்குப் போயினே கீது. போனா ஒண்ணும் வர்றதில்ல." நான் கொண்டுபோன கொய்யாப்பழத்தை வைத்துவிட்டு, உன்னை நான்கு வார்த்தை கன்னாபின்னாவென்று திட்டினேன். பிள்ளைக்கு ஆறுதலாக இருக்குமே என்று நினைத்தேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அவுங்கள ஒண்ணும் சொல்லாதக்கா" என்றாள். அம்மாவை உள்ளே போகச் சொல்லிவிட்டு என் காதருகே வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டோக்கன் வேற யார் கையிலியோ இருந்துச்சிக்கா. யசோக்கா எனக்காவ மேனேஜர் கண்ணாடி ரூம்ல போயி டோக்கன் இல்லாம அனுப்பக் கேட்டாங்க, வுடல. அடக்கி அடக்கிப் பாத்தேன், முடில. கால் வழியா பூட்ஸுல எறங்கிச்சி. எதிர்ல இறால செக் பண்ற அந்த வெள்ளக் கோட்டு போட்ட பசங்க நின்னுகினு இருந்தானுங்க. யாரும் பாக்கறதுக்குள்ள யசோக்கா பாத்துட்டாங்க. பயப்படாதன்னு கண்ணால சொன்னாங்க. அப்பறம்தான் கிரேட்டத் தூக்கிக் கவுத்தாங்க. தல, துணி, தரை எல்லாம் ஒரே ஈரம். எது என்னா ஈரம்னு எவனுக்குத் தெரியும்? வூட்டுக்குப் போன்னு அவுங்க கத்தலீன்னா எனக்கு அங்கேந்து நகரவே கால் வந்திருக்காது."

யசோ, படி இறங்கி வந்தேன். கீழே தண்ணிக் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் குடம் வைத்திருந்த அம்மா யார் செத்தது என்று கேட்டாள்.

ஏண்டி என்னிடம்கூடச் சொல்லவில்லை? மேஸ்திரி வேலை போயிற்று, பேர் போயிற்று, நாங்கள் பஜ்ஜி தின்றோம். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. அந்தப் பிள்ளையின் மானம் என் வாயில் தங்காது என்று நினைத்தாயா? நினைத்திருந்தால் சரியாகத்தான் நினைத்திருக்கிறாய், என் வாய் எனக்கே தெரியும். ஆனாலும் உன் மேல் இப்போது வருகிற கோபம் முன்பு வந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. உன்னை மாதிரி ஒருத்தியோடு இத்தனை காலம் ஒரே மேஜையில் நின்றிருக்கிறேனே என்று பெருமையாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நாளைக்குக் கண்ணாடி ரூமுக்குள் போய் மேனேஜரை ஒரு கை பார்க்கப் போகிறேன். அந்த டோக்கன் போக வேண்டும், இல்லையென்றால் நான் போகிறேன்.

உன் குணா


பழவேற்காடு ஷெட் விடுதி,
26.2.2025

என் குணாவுக்கு,

இந்தக் கடிதத்தை இறால் வண்டி ஓட்டுகிற வேலப்பன் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் அதற்குள் நீ மேனேஜர் சட்டையைப் பிடித்திருப்பாய். ஒருவேளை ஏற்கெனவே பிடித்திருந்தால், விட்டுவிட்டு இதைப் படி.

தனியாகப் போகாதே. நான் தனியாகத்தான் போய்க் கேட்டேன். தனியாகக் கேட்கிறவளை மாற்றுவதற்கு அவர்களுக்கு ஒரு பேனா போதும். உனக்கு அந்த வேலை வேண்டும், கல்லுக்கு மருந்தும் வேண்டும்.

நாம் எல்லோரும் ஒரே தப்பைத்தான் இத்தனை காலமாகச் செய்கிறோம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டோம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு, கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் காலையில் காபி குடிக்காதே என்று சொல்லிக் கொடுக்கிறோம். அவர்கள் டோக்கன் ஒன்றுதான் மாட்டினார்கள். மிச்சத்தை நாமே செய்துகொண்டோம்.

அதனால் இப்படிச் செய். சண்டை வேண்டாம், கோஷம் வேண்டாம். ஒரு நாள் காலை டீக்கு விடும்போது எல்லோரும் வயிறு நிறையத் தண்ணீர் குடியுங்கள். எல்லோரும் என்றால் எல்லோரும், சொக்கம்மாள் உட்பட. அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், உடம்பே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் குடித்ததற்கு மெமோ கொடுக்க எந்தக் கம்பெனியிலும் பாரம் கிடையாது.

வேலப்பன் அண்ணன் கையில் ஒரு பொட்டலமும் கொடுத்திருக்கிறேன், கிளம்பும்போது வீட்டு ஷோகேஸிலிருந்து எடுத்து வந்தது. பிரித்துப் பார். ஸ்டிக்கரை நீயே கிழி.

எது செய்தாலும் மகிழினி பேர் வெளியே வரக் கூடாது. என்னை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

யசோ


திருவொற்றியூர் குப்பம்,
9.3.2025, ஞாயிறு

என் தங்கமே, ஒட்டகமே,

வியாழக்கிழமை குடித்தோம்.

உன் கடிதம் வருகிறவரை மேனேஜர் ஊரில் இல்லை, அவர் சட்டை தப்பித்தது. சொக்கம்மாளைச் சம்மதிக்க வைக்கத்தான் உயிர் போயிற்று. "யசோதரா சொன்ன யோசனையா? அப்ப எனக்கு வாணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் விஷயத்தைச் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தேன், நிஜமாகவே புண்ணாகிவிட்டது.

டீ நேரம். உன் பாட்டிலை நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன். அப்போது வாசலில் யார் வந்து நின்றது தெரியுமா? மகிழினி. ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு. சொக்கம்மாள் முரண்டு பிடிப்பதை அவளிடம் புலம்பியிருந்தேன், புதன்கிழமையே மேனேஜரைப் பார்த்து வேலைக்குத் திரும்பக் கேட்டிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை, உன்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு நேரே சொக்கம்மாளிடம் போனாள்.

"அன்னிக்கி எனக்கு அடக்க முடில ஆயா. நின்ன எடத்துலயே போய்ட்டேன். அது யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் யசோக்கா என் மேல தண்ணி ஊத்துனாங்க. ஊத்தலீன்னா நான் அன்னிக்கி வூட்டுக்குப் போயிருக்க மாட்டேன், ரயில்வே லைனுக்குத்தான் போயிருப்பேன்" என்றாள்.

அந்தப் பிள்ளை தன் மானத்தைத் தானே எடுத்து மேஜையில் வைத்தது, உன் பேரைத் திருப்பித் தருவதற்காக. நான் தடுத்திருப்பேன், தடுக்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

சொக்கம்மாளை உனக்குத் தெரியும். கோயில் தீர்த்தத்தைக்கூட அண்ணாந்து குடிக்கிறவள். உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தும் கை நனைக்காமல் திரும்பியவள். அவள் பாட்டிலை வாங்கி, வாய் வைத்தே குடித்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடக் குடித்தாள். அப்புறம் என்னிடம் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்ற செங்கொடியிடம் கொடுத்தேன். பாட்டில் காலியாகக் காலியாக யாரோ நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். அஜீசாவுக்கு மட்டும் நோன்பு, குடிக்கவில்லை.

மறுபடியும் உரிக்க நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதலில் நான் கிளம்பினேன், என் கல்லுக்கு வாழ்த்து. எனக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. டோக்கன் மாட்டியிருக்கிற ஆணியிலிருந்து கத்தி கழுவுகிற தொட்டி வரைக்கும் வரிசை. அஜீசாவும் வந்து நின்றாள். "நீ எதுக்குடி?" என்று கேட்டேன். "துணைக்கு" என்றாள்.

மேனேஜர் கண்ணாடி ரூமிலிருந்து ஓடி வந்தார். "இன்னாம்மா இது, ஸ்டிரைக்கா?" என்றார். சொக்கம்மாள்தான் பதில் சொன்னாள்: "இல்ல நைனா. ஒண்ணுக்கு."

மேஜையில் இறால் கிடக்கிறது, ஐஸ் உருகுகிறது. அவர் எங்களைப் பார்க்கிறார், இறாலைப் பார்க்கிறார். நாங்கள் வரிசையிலேயே நிற்கிறோம். கடைசியில் அவரே போய், அட்டைப்பெட்டி அடுக்கிப் பூட்டி வைத்திருந்த இரண்டு பாத்ரூமையும் திறந்துவிட்டார். மறுநாளும் குடித்தோம், நேற்றும் குடித்தோம். நேற்று அந்த ஆணி வெறுமையாக இருந்தது. டோக்கன் குப்பைத் தொட்டியில் கிடந்தது. எடுத்துக் கழுவி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் ஷோகேஸில் பாட்டில் இருந்த இடம் காலியாக இருக்கும், அங்கே இதை வை.

ஐஸ் இன்னும் அதே ஐஸ்தான், விரல் இன்னும் வீங்கத்தான் செய்கிறது. ஆனால் மகிழினி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மடக்மடக்கென்று தண்ணீர் குடிக்கிறாள். அதைப் பார்க்கவே நான் என் சோற்றை மெதுவாகத் தின்கிறேன்.

நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு உன்னைத் திருப்பிக் கேட்டோம். நீ மனு கொடுத்தால் பார்க்கலாம் என்கிறார் மேனேஜர். உடனே கொடு. பஜ்ஜி இந்தத் தடவை என் செலவு. உன் முன்னால் நின்று இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். உன்னைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போல இருக்கிறது.

இனியாவது பிளாக்கை எடு.

உன் குணா


பழவேற்காடு ஷெட் விடுதி,
13.3.2025

என் குணாவுக்கு,

பிளாக்கை எடுத்துவிட்டேன். இன்று ராத்திரி கூப்பிடு. நான் அழுதால் நீ பேசிக்கொண்டே இரு.

மகிழினி செய்ததைப் படித்துவிட்டு வெகுநேரம் கடிதத்தை மடிக்காமலே வைத்திருந்தேன். என்னைவிடப் பெரியவள் அவள். அவளிடம் சொல்.

சொக்கம்மாளுக்கு என் அன்பு. அடுத்த முறை என் வீட்டில் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொல்.

மனு கொடுக்கலாம் என்றுதான் பேப்பர் எடுத்தேன், எழுதாமல் வைத்துவிட்டேன். உன் கடிதத்தை நேற்று விடுதிப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் நம் மகிழினி வயசுப் பிள்ளைகள். சிரித்தார்கள். உன் சிவப்பு டோக்கனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

இங்கேயும் ஒன்று இருக்கிறது, குணா. பச்சை நிறம்.

வேலப்பன் அண்ணன் திங்கட்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு அங்கே வருவார். பாட்டிலை அவரிடம் கொடுத்து அனுப்பு.

யசோ